பம்ப் அறையில் நாற்பத்தொரு நிமிடம்

தோங்திங் ஏரிக்குத் தெற்கே, வாய்க்காலும் நெல்வயலும் இறால் குட்டையும் மாறி மாறிக் கிடக்கிற தாழ்ந்த பூமியில், யாவ்லானைப் பார்த்திராத விவசாயி இருக்க முடியாது. ஆனால் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். "ட்ரோன் விடற ஷிபிங் பொண்டாட்டி. பேட்டரிக்கு சார்ஜ் போடுவாளே, அவ" என்றால்தான், "அட, அந்தக் கோவக்காரியா!" என்பார்கள்.

கோவக்காரி என்ற பட்டம் சும்மா வரவில்லை. வருஷத்தில் ஆறு மாதம், ஒரு நாளைக்கு நாற்பது முறை, ஒரே கேள்வியை ஒருத்தியிடம் கேட்டுக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" வரப்பில் குந்தியிருக்கிற விவசாயி கேட்பான். வயலுக்கு அந்தப்பக்கம் ரிமோட்டோடு நிற்கிற புருஷன் போனில் கேட்பான். குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்த கிழவர்கூடக் கேட்பார். அவள் சரியான பதிலைச் சொன்னால் ஒருத்தருக்கும் பிடிக்காது. அதுதான் அவளை அரித்துத் தின்றது.

வேலை இப்படி. ட்ரோன் நாற்பது லிட்டர் மருந்தைச் சுமந்துகொண்டு எழும்பும். பத்து நிமிடத்தில் பதினாறு மூ வயலுக்கு அடித்துவிட்டு வந்து இறங்கும். மூ என்பது அங்கே வயல் அளக்கிற அளவு, ஆறு மூ சேர்ந்தால் ஒரு ஏக்கர். இறங்கியதும் யாவ்லான் ஓடிப்போய், கைபட்டால் சுடுகிற பேட்டரியை உருவி எடுப்பாள். பன்னிரண்டு கிலோ. அதைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஆறவைப்பாள். ஆறியதை எடுத்து மூன்றுசக்கர வண்டியின் பின்னால் இருக்கிற ஜெனரேட்டரோடு சேர்ந்த சார்ஜரில் மாட்டுவாள். சார்ஜ் ஏறியதை ட்ரோனில் செருகுவாள். இடையில் கையுறை போட்டு மருந்தைக் கலக்கி நிரப்புவாள். மூன்று பேட்டரி, ஒரு ஜெனரேட்டர், ஒரு பெண்பிள்ளை. ஷிபிங்கோ வைக்கோல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்று இரண்டு கட்டைவிரலை அசைப்பான். விவசாயிகள் அவனுக்குத்தான் சிகரெட் நீட்டுவார்கள்.

யாவ்லானுக்கு பேட்டரி புதிது இல்லை. பத்தொன்பது வயதில் தெற்கே தோங்குவான் நகரத்துக்குப் போய், ஒரு பேட்டரி தொழிற்சாலையில் பதினேழு வருஷம் நின்றவள். ஆயிரக்கணக்கான பேட்டரிகளை அலமாரி அலமாரியாக அடுக்கி, சார்ஜ் ஏற்றி, இறக்கி, எது எவ்வளவு தாங்குகிறது என்று தரம் பிரிக்கிற கூடம் அது. ஜன்னல் கிடையாது. திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு மணி நேரம். லித்தியம் பேட்டரி எப்படி நிறையும் என்பது அங்கே அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. முதலில் சரசரவென்று ஏறும். முக்கால் தாண்டியதும் மூச்சு வாங்கும். கடைசிப் பத்து பங்கு இருக்கிறதே, அது நகரவே நகராது. ஷிபிங்குக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"புத்தாண்டுக்கு ஊருக்குப் போற ரயில்ல முதல்ல ஏறறவன் ஓடிப்போய் உக்காந்துக்கறான். கடைசில வர்றவன் மூட்டையோட இண்டு இடுக்கு தேடணும். கதவு அதே கதவுதான். ஆனா கடைசி பத்து பேரு ஏற எவ்ளோ நேரமாகும், சொல்லு? இதுவும் அப்படித்தான். அதனாலதான் நான் தொண்ணூறோட கழட்டிடறேன்."

"சரி சரி," என்றான் ஷிபிங். "ஆனா கடைக்காரன் பத்து நிமிஷம்னு சொன்னானே?"

ட்ரோன் விற்ற கடைக்காரன் சொன்ன அந்தப் பத்து நிமிடம் ஷிபிங்கின் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைக்காரன் சொன்னது புது ஜெனரேட்டருக்கு, குளிர்ந்த பேட்டரிக்கு, பாதி காலியிலிருந்து முக்கால் வரைக்கும். ஆகஸ்ட் மாத வெயிலில், நாலு வருஷம் உழைத்த ஜெனரேட்டரில், பதினாலு நிமிடத்துக்குக் குறைந்து ஒருநாளும் ஆனதில்லை. ஷிபிங் கெட்டவன் இல்லை. எதிரில் இருக்கிறவன் முகம் வாடினால் அவனால் தாங்க முடியாது, அவ்வளவுதான். கேட்கிறவன் சந்தோஷப்படட்டும் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிடுவான். வசவு வாங்குவது வண்டிப்பக்கம் நிற்கிறவள்.

அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில் புகையான் விழுந்தது. நெல் தாளின் அடியில் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுகிற பூச்சி. நாலு நாள் விட்டால் வயல் வட்டவட்டமாகக் கருகிப் படுத்துவிடும். ஊர்க் கூட்டுறவின் தலைவர் லியாவ், நாற்பது வயதுக்காரர், எப்போதும் இரண்டு போன் வைத்திருப்பவர், முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்தார்.

"ஷிபிங் அண்ணே, நாளைக்கு ரெண்டு மணிக்கு மேல மழைங்கறான். மூணு நாளைக்கு விடாதாம். காலைல எல்லாத்தையும் முடிச்சிரணும். இருநூத்தி நாப்பது மூ."

"முடிச்சிரலாம்," என்றான் ஷிபிங், வாயில் இருந்த பூசணி விதையைத் துப்பாமலே.

அடுப்பங்கரையிலிருந்து யாவ்லான் எட்டிப் பார்த்தாள். "பத்தரைக்குக் காத்து கிளம்பிடும். பக்கத்துல பூரா இறால் குட்டை. காத்துல ட்ரோன் அடிச்சா மருந்து பறந்து போய்க் குட்டையில விழும். அப்புறம் செத்த இறாலுக்கு யாரு பதில் சொல்றது? அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு, எதுவும் கெடாம இருந்தா முடியும். ஏதாவது ஒண்ணு மக்கர் பண்ணினாலும் முடியாது."

"அண்ணி வாயத் திறந்தாலே அபசகுனம்தான்," என்று சிரித்தார் லியாவ்.

கெட்டது ஜெனரேட்டர்தான். மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஒன்பது முறை பறந்து நூற்று நாற்பத்து நாலு மூ முடிந்திருந்த நேரம், அது இரண்டு முறை இருமி, கறுப்பாகப் புகைவிட்டு நின்றது. யாவ்லான் கயிற்றை இழுத்தாள். இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆனது. பெட்ரோல் குழாயைக் கழற்றிக் குப்பியில் பிடித்துப் பார்த்தாள். அடியில் தண்ணீர் தனியாகத் தெரிந்தது.

"ஏ கிழவா!" என்று போனில் கத்தினாள். ஷிபிங்குக்கு நாற்பத்தெட்டு வயதுதான். கோபம் வந்தால் அவனுக்கு அந்தப் பெயர். "பெட்ரோல் கேனை நேத்து எங்க வச்ச?"

"முத்தத்துலதான். ஏன்?"

"ராத்திரி தூறிச்சே, மூடி போட்டியா?"

"மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பாரேன்," என்றான். அதுவே பதில்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டால் அவன் ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருந்தான், மதியம்தான் வருவானாம். புகையான் எல்லா ஊரிலும் விழுந்ததால், மற்ற ட்ரோன்காரர்கள் எவனும் தன் ஜெனரேட்டரைத் தருகிற நிலையில் இல்லை. மீதம் தொண்ணூற்றாறு மூ. ஆறு முறை பறக்க வேண்டும். கையில் சார்ஜ் ஏறிய பேட்டரி ஒன்றுதான். அதை ட்ரோனில் செருகி, மருந்தை நிரப்பி அனுப்பிவிட்டு, காலியான மற்ற இரண்டையும் ஜெனரேட்டரிலிருந்து கழற்றிய சார்ஜரையும் வண்டியில் போட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரத்து பம்ப் அறைக்கு விரட்டினாள்.

பம்ப் அறையைக் காவல் காக்கிறவள் குவாங். அறுபது வயது இருக்கும், காது கொஞ்சம் மந்தம். அங்கேயே கட்டில், சட்டி பானை, ஒரு பூனையோடு குடியிருந்தாள். பெரிய பம்ப் தடதடவென்று வாய்க்கால் தண்ணீரை ஏரிப்பக்கம் இறைத்துக்கொண்டிருந்தது.

"பெரியக்கா, பம்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தறீங்களா? இந்த லைன் எனக்கு வேணும்."

"என்னது?"

"பம்பை! நிறுத்த! முடியுமா?"

"ஐயோ, அது முடியாதும்மா. மழை வருது, ராத்திரிக்குள்ள வாய்க்கால் வடியணும், செத்தாலும் நிறுத்தக் கூடாதுன்னு லியாவ் சொல்லிட்டுப் போயிருக்கான்."

மூலையில் இருந்த சாதாரண பிளக் பாயின்ட்டைக் காட்டினாள். யாவ்லான் பெருமூச்சு விட்டு, ஆறிய பேட்டரியைச் சார்ஜரில் மாட்டி, பிளக்கைச் செருகினாள். மணி எட்டு இருபத்தைந்து.

சார்ஜரின் திரையில் பெரிதாக ஓர் எண் வந்தது. 18 நிமிடம். அதற்குக் கீழே மூலையில், கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும் அளவுக்குச் சின்னதாக இன்னொரு எண். முதலில் மூவாயிரத்துச் சில்லறை வாட். பம்ப் இழுக்கிற இழுப்பில் மின்சாரம் தள்ளாடியதும், சார்ஜர் தன்னைத்தானே குறைத்துக்கொண்டு ஆயிரத்து அறுநூறில் வந்து நின்றது. பெரிய எண் மட்டும் அசையாமல் 18 என்றே நின்றது.

யாவ்லான் பார்த்தது சின்ன எண்ணை. முழு பேட்டரிக்கு ஒன்றரை யூனிட் பிடிக்கும். இதில் கால்பங்கு மிச்சம் இருக்கிறது, தொண்ணூறு வரைக்கும் ஏற்றினால் போதும். அப்படியானால் ஊற்ற வேண்டியது ஏறக்குறைய ஒரு யூனிட், அதாவது ஆயிரம் வாட் ஒரு மணி நேரம். வருவது ஆயிரத்து அறுநூறு. ஆயிரத்தை ஆயிரத்து அறுநூறால் வகுத்தால் ஒரு மணியில் எட்டில் ஐந்து பங்கு. முப்பத்தேழு, முப்பத்தெட்டு நிமிடம். வழியில் சூடாகி வீணாவது பத்தில் ஒன்று. ஆக நாற்பத்தொன்று.

விரலை மடக்கி முடிப்பதற்குள் லியாவ் மோட்டார் பைக்கில் வந்து இறங்கினார். பின்னாடியே ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஷிபிங்கும் வந்தான். பறக்கப் போன ட்ரோன் வேலையை முடித்து வரப்பில் உட்கார்ந்திருந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும் அண்ணி?"

"நாப்பத்தோரு நிமிஷம்."

"விளையாடாதீங்க. இங்க பதினெட்டுன்னு போட்டிருக்கே?"

"அது சும்மா போடுது. பிளக்குல சொருகினதும் எவ்வளவு இழுத்துச்சோ, அதை வச்சு ஒரு எண்ணைப் போட்டுட்டு உக்காந்திருக்கு. இப்போ பாதிதான் வருது. கீழ பாருங்க."

லியாவ் கீழே பார்க்கவில்லை. "மிஷின் போடறது தப்பு, நீங்க விரல்ல மடக்கறது சரியா?"

"பதினெட்டு நிமிஷத்துல முடிஞ்சா நாம எல்லாத்தையும் அடிச்சிரலாம் யாவ்லான்," என்றான் ஷிபிங், ஏதோ அவள்தான் பிடிவாதமாக மாட்டேன் என்பதுபோல.

யாவ்லானுக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் ஏறியது. இருந்தாலும் அடக்கிக்கொண்டு சொன்னாள். "கேளுங்க. ஒரு பேட்டரிக்கு நாப்பத்தொண்ணு. ஒரு நேரத்துல ஒண்ணுதான் போட முடியும், இந்த லைன் அவ்வளவுதான் தாங்கும். ஒரு தடவை இப்போ பறந்தாச்சு. அடுத்தது ஒம்போது அஞ்சுக்கு. அதுக்கடுத்தது பத்துக்குக் கால் மணி இருக்கறப்போ. அதோட சரி, காத்து வந்துரும். மொத்தம் மூணு தடவை, நாப்பத்தெட்டு மூ. இறால் குட்டைய ஒட்டி இருக்கறதை மட்டும் ட்ரோன்ல அடிப்போம். மிச்ச நாப்பத்தெட்டு மூவுக்கு ஆளை விட்டு அடிங்க. முதுகு ஸ்பிரேயர் ஊர்ல பத்து இருக்கு. பத்து பேரு, ஆளுக்கு அஞ்சு மூ. இப்போ கூப்பிட்டா மழைக்கு முன்னாடி முடிச்சிரலாம். அடியில நின்னு அடிக்கறதால காத்துல பறக்காது."

"பத்து பேரை நான் எங்க போய்ப் பிடிக்கறது?"

"எட்டே முக்கால் பஸ்ஸுக்கு முன்னாடி பிடிங்க. இன்னைக்குச் சந்தை. பாதிப் பேரு பஸ் ஏறிருவாங்க."

லியாவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஷிபிங்கைப் பார்த்தார். ஷிபிங் தோளைக் குலுக்கினான். "பதினெட்டு நிமிஷம்தானே. பாத்துருவோம். முடியலேன்னா ஆளைக் கூப்பிடலாம்."

"சரி, பாத்துருவோம்," என்றார் லியாவ். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, போனில் நேரத்தை ஓடவிட்டு, சார்ஜருக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல இரண்டு ஆண்கள் ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, யாவ்லான் வெளியே போய் நின்றாள். உள்ளே நின்றால் எதையாவது எடுத்து அடித்துவிடுவோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது. தூரத்தில் சாலையில் சந்தைக்குப் போகிற ஆட்கள் கூடையோடு நடப்பது தெரிந்தது. ஒவ்வொருத்தரையும் அவளுக்குத் தெரியும். யார் யார் வீட்டில் ஸ்பிரேயர் இருக்கிறது என்பதும் தெரியும். தானே போய்க் கூப்பிட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் கூட்டுறவுத் தலைவர் சொல்லாமல் ஒருத்தனும் மருந்தைத் தொடமாட்டான்.

பத்து நிமிடம் போயிருக்கும். 'டக்' என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது, சார்ஜர் அணைந்தது. பம்ப் மட்டும் தன் தனி சுவிட்சில் தடதடத்துக்கொண்டிருந்தது.

யாவ்லான் உள்ளே பாய்ந்தாள். மூலையில் குவாங் குற்ற உணர்ச்சியே இல்லாமல் நின்றிருந்தாள், கையில் சோற்றுக் குக்கரின் பிளக்.

"பெரியக்கா! இதே லைன்லயா குக்கரைப் போட்டீங்க?"

"நானும் சாப்பிட வேணாமா?" என்றாள் குவாங். "காலைலேருந்து ஒரு வாய் சாப்பிடல. நீங்க பாட்டுக்கு வந்து எல்லாத்தையும் பிடுங்கிக்கிறீங்க."

"இது முடியற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"பதினெட்டு நிமிஷம்னு சொன்னாங்க. இன்னும் முடியலையே! என் சோறு பதினஞ்சு நிமிஷத்துல வெந்துரும்."

"உங்க குக்கர்ல சோறு வேக முப்பது நிமிஷம் ஆகும் பெரியக்கா! அரை மணி நேரம்! இந்த ஊர்ல ஒருத்தர்கூட ஒரு நேரத்தை ஒழுங்கா சொல்ல மாட்டீங்களா?"

அவள் போட்ட சத்தத்தில் பூனை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மந்தக் காதுக்காரிக்கே நன்றாகக் கேட்டது. ஷிபிங் ஓடிப்போய் சுவிட்சை நிமிர்த்தினான். சார்ஜர் மறுபடி உயிர் பெற்று, தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, பேட்டரியைச் சோதித்து, ஆற அமர ஆரம்பித்தபோது நாலு நிமிடம் போயிருந்தது. திரையில் மறுபடி பெரிதாக ஒரு எண். 15 நிமிடம்.

யாவ்லான் குக்கரைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், குவாங்கின் கரி அடுப்பைப் பற்றவைத்து, அரிசியைச் சட்டிக்கு மாற்றி ஏற்றினாள். ஊதி ஊதிக் கண்ணெல்லாம் புகை. அப்போது சாலையில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

பதினெட்டு நிமிடம் முடிந்ததும் லியாவின் போன் கூவியது. பேட்டரி அப்போதுதான் பாதியைத் தொட்டிருந்தது. திரை இப்போது 14 நிமிடம் என்றது. லியாவ் அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு முதல்முறையாகக் குனிந்து, கீழே இருந்த சின்ன எண்ணைப் பார்த்தார்.

"இது என்ன, ஆயிரத்து அறுநூறு?"

"அதைத்தான் அப்பவே பாக்கச் சொன்னேன்."

லியாவ் இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். இரண்டு காதிலும் ஒவ்வொரு போனை வைத்துக்கொண்டு அவர் கத்தியது வாய்க்காலின் அக்கரை வரை கேட்டது. நாலு பேர் பஸ் ஏறிவிட்டிருந்தார்கள். ஆறு பேர் கிடைத்தார்கள். அதில் ஒருத்தனுக்கு முழங்கால் வலி.

முதல் பேட்டரி ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குத் தொண்ணூறைத் தொட்டது. நாற்பத்தொன்றும், குவாங்கின் குக்கர் தின்ற நாலும். யாவ்லான் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டக்கூட நேரமில்லை. உருவினாள், அடுத்ததை மாட்டினாள், வண்டியை ஓட்டினாள், மருந்தை நிரப்பினாள். ஷிபிங் இறால் குட்டையை ஒட்டிய வயல்களுக்கு மேலே தாழ்வாகவும் நிதானமாகவும் விட்டான். அந்த வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு சொட்டுகூடக் கரைக்கு அப்பால் போகவில்லை. அடுத்த பேட்டரி பத்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது வந்தது. அது பறந்து இறங்கியபோது வரப்போரத்து நாணல் மெல்ல அசைய ஆரம்பித்திருந்தது.

"இன்னும் ஒண்ணு? சீக்கிரமா?" என்றான் ஷிபிங்.

யாவ்லான் நாணலைக் காட்டினாள். அவன் ரிமோட்டை அணைத்தான்.

பிறகு அவர்கள் இருவரும் ஆளுக்கொரு ஸ்பிரேயரை இரவல் வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினார்கள். எட்டு பேர். முழங்கால் அளவு சேற்றில், இடுப்பளவு பயிரில், வாயில் துணி கட்டிக்கொண்டு, வெயிலில். மதியம் ஒன்றரைக்கு நாற்பது மூ முடிந்தது. ஒன்றே முக்காலுக்கு, சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே, மழை வந்தது.

அடிக்காமல் விட்டுப்போன எட்டு மூ, வேறு யாருடையதும் இல்லை, ஷிபிங்கின் அண்ணனுடையது. சந்தைக்குப் போன நாலு பேரில் அவரும் ஒருவர்.

சாயங்காலம் நனைந்த குடையோடு அவர் வந்தபோது எல்லாரும் பம்ப் அறையில்தான் இருந்தார்கள். குவாங் கோபத்தை மறந்து, புகைபோட்ட மீனையும் ஊறின மிளகாயையும் சோற்றோடு வைத்திருந்தாள். லியாவ் சோற்றுக் கிண்ணத்தில் தலையைக் கவிழ்த்திருந்தார்.

"ஊர் பூரா அடிச்சிட்டு என் வயலை மட்டும் விட்டுட்டீங்களா?" என்று கதவிலேயே ஆரம்பித்தார் அண்ணன். "கூடப்பொறந்தவன்னா இவ்வளவுதான் மதிப்பா? தெரிஞ்சவங்க எல்லாம் சொல்றாங்க, உன் பொண்டாட்டிக்கு ஒழுங்கா சார்ஜ் போடத் தெரியலயாம். பதினெட்டு நிமிஷ வேலையை முக்கால் மணி நேரம் இழுத்தாளாம்."

யாவ்லான் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து தொண்டையில் சேர்த்துவைத்ததெல்லாம் மேலே வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் ஷிபிங் எழுந்துவிட்டான்.

"அண்ணே, அப்படிச் சொல்லாதீங்க," என்றான். "எட்டு இருபத்தஞ்சுக்கே அவ சொல்லிட்டா. எவ்வளவு நேரமாகும், எத்தனை மூ முடியும், மிச்சத்துக்கு யாரைக் கூப்பிடணும், பஸ் எப்பப் போகும், எல்லாமே சொன்னா. கேட்டிருந்தா நீங்களே பஸ் ஏறிருக்க மாட்டீங்க. நாங்கதான் கேக்கல. நானும் இவரும். நான்தான் முதல்ல 'பாத்துருவோம்'னு சொன்னேன். பெட்ரோல் கேனை மூடாம விட்டதும் நான்தான்."

லியாவ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால், "ஆமா, அப்படித்தான்," என்று முனகியது எல்லாருக்கும் கேட்டது.

அண்ணன் குடையை மடக்கவும் இல்லை, விரிக்கவும் இல்லை. அப்படியே திரும்பி மழையில் போய்விட்டார். யாவ்லானுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் இந்த மனுஷன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. கண் கலங்கியது. அதேநேரம், இதை எட்டு இருபத்தைந்துக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று ஆத்திரமும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு, ஒரு மீன் துண்டை எடுத்து அவன் கிண்ணத்தில் போட்டாள்.

மூன்று நாள் கழித்து மழை விட்டதும் முதல் வேலையாக அண்ணன் வயலுக்கு அடித்தார்கள். அதற்குள் நடுவில் ஒரு வட்டம், ஒரு மூ இருக்கும், கருகிப் படுத்துவிட்டிருந்தது. மிச்சம் ஏழு பிழைத்தது. அறுவடை இயந்திரம் அந்த வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனதை அண்ணன் புத்தாண்டு விருந்து வரைக்கும் சொல்லிக்காட்டினார். ஆனால் யாவ்லானைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பனிக்காலத்தில் கூட்டுறவு அடுத்த பருவத்துக்குத் திட்டம் போடக் கூடியபோது, லியாவ் ஷிபிங்கைக் கூப்பிடவில்லை, யாவ்லானைக் கூப்பிட்டார். மேஜையைச் சுற்றிப் பதினோரு ஆண்கள், பச்சைத் தேநீர், சிகரெட் புகை. ஒரு காலைக்கு எத்தனை மூ முடியும் என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். கொஞ்சம் கூட்டிச் சொல்லக் கூடாதா என்றார் ஒருவர். "கூட்டிச் சொல்லலாம். அடிக்கத்தான் முடியாது," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த எண்ணையே எழுதிக்கொண்டார்கள். தனக்கு நாலாவதாக ஒரு பேட்டரி வேண்டும், பம்ப் அறையில் பம்போடு சேராத தனி லைன் வேண்டும் என்றும் கேட்டாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மார்ச் மாதம் மின்வேலைக்காரன் வந்தான். "மூணு மணிக்கு வந்துடுவேன்" என்றவன் ஐந்தரைக்கு வந்தான். தனி லைன் இழுத்து, தடிமனான கம்பி போட்டு, சுவிட்சும் பிளக் பாயின்ட்டும் வைத்த புதுப் பலகையைச் சுவரில் அடித்துவிட்டு, பிரமாதமான வேலை என்று தானே பாராட்டிக்கொண்டு போனான். யாவ்லான் மறுநாள் போய்ப் பார்த்தாள். லைன் நன்றாகத்தான் இருந்தது. மூவாயிரம் வாட்டும் தள்ளாடாமல் வந்தது. பலகையை மட்டும் தன் உயரத்துக்கு அடித்துவிட்டுப் போயிருந்தான், அவள் கையைத் தூக்கினாலும் ஒரு சாண் மேலே.

"எட்டலையா?" என்று கேட்டாள் குவாங்.

"எட்டல பெரியக்கா."

அவள் அந்த ஆளையும், அவனைக் கூப்பிட்ட லியாவையும், மனதுக்குள் கொஞ்ச நேரம் திட்டினாள். பிறகு மூலையில் கிடந்த இறால் பெட்டி ஒன்றை இழுத்துக் கவிழ்த்துப் போட்டு, அது ஆடாதபடி காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, ஏறி நின்று பிளக்கைச் செருகினாள்.